உண்மையில் வாங்குபவர் யார்

அந்த ஆள் வாய் திறந்த மூன்றாவது நிமிடத்திலேயே நடீனுக்கு அவனைப் பிடிக்காமல் போய்விட்டது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து அந்தச் சிற்றூரில் பத்தொன்பது வருடமாகத் துப்பாக்கி விற்கிறாள். முதல்முறை வாங்க வருகிறவர்களில் கை நடுங்குபவர்களை அவளுக்குப் பிடிக்கும். நாலு வீடியோ பார்த்துவிட்டு வந்து அவளுக்கே பாடம் எடுப்பவர்களைக் கண்டால்தான் ஆகாது. டாரல் என்ற இவன் அந்த ரகம்.

"படுக்கை பக்கத்துல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு, சுட்டுப் பழக ஒண்ணு. எல்லாம் யோசிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்" என்றான். பின்னால் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்க்காமலே, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த உள்ளங்கை அளவு ரிவால்வரைக் காட்டினான். "அப்புறம் லீயனுக்கு இது. பொம்பளைக்குச் சின்னதுதான் சரி."

"சின்னதுதான் தம்பி சுடும்போது ரொம்ப உதைக்கும். பையில வைக்க வசதி, குறி வைக்க இல்ல. புதுசா சுடறவங்களுக்குக் கனமானதுதான் கைக்கு அடங்கும்."

அவன் கேட்கவில்லை. அவள் எடுத்து வைத்த பிஸ்டல் ஒன்றைத் தூக்கி, சுவர்க் கண்ணாடியில் தெரிந்த தன்னையே குறிபார்த்துக்கொண்டிருந்தான். நடீன் குழலைத் தரையை நோக்கித் தள்ளினாள்.

"விசையில இருந்து விரலை வெளியே எடு."

மனைவி அவன் பின்னாலேயே ஒட்டி நின்றாள். கயிறு கட்டி இழுத்து வந்த பசு என்று நடீன் மனதுக்குள் அவளையும் சேர்த்தே இகழ்ந்தாள்.

துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய அரசுப் படிவத்தை நடீன் எடுத்து மேசைமேல் வைத்தாள். "படிவத்தை இவ பேர்ல போடுங்க" என்றான் டாரல்.

"துப்பாக்கி யாருக்கு?"

"எனக்குத்தான். டிரைவிங் லைசென்ஸ வீட்டுல விட்டுட்டேன்."

"போய் எடுத்துட்டு வா. ஆறு மணி வரைக்கும் இருப்பேன்."

"அவரால வாங்க முடியாதுங்க" என்றாள் லீயன், தணிந்த குரலில். "துப்பாக்கி தொடவே கூடாதுன்னு போன வருஷம் கோர்ட்டுல சொல்லிட்டாங்க."

"யாரை அடிச்சதுக்கு?"

இதையும் கேட்க வேண்டுமா என்பதுபோல் லீயன் அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த ஏளனம் நடீனுக்குச் சுருக்கென்றது.

டாரலின் கழுத்து சிவந்தது. "வாயை மூடிட்டு வண்டில ஏறு" என்று சொல்லிக் கதவை அறைந்துவிட்டுப் போனான். வெளியே ஹாரன் ஒலித்தது.

"பின்னாடி ஒரு கதவு இருக்கும்மா" என்றாள் நடீன். "யாருக்காவது போன் பண்ணணும்னா..."

"உங்ககிட்ட உதவி கேட்டேனா?" லீயன் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முதல் கேள்வியில் விரலை வைத்தாள்: உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா? "இது எனக்கு. எனக்கு மட்டும். கைக்கு அடங்கும்னு சொன்னீங்களே, அதுல எது?"

யாருக்கு எது பொருந்தும் என்று ஒரு நொடியில் சொல்லிவிடுகிற நடீன், அந்த வீட்டை, அதில் எந்த இழுப்பறைக்குப் பூட்டு இருக்கும் என்பதை, யார் முதலில் எழுந்து துப்பாக்கியை எடுப்பார்கள் என்பதை நினைத்தபடி நின்றாள்.

டாரல் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. லீயன் அந்தப் பக்கம் திரும்பாமல், பேனா மூடியைப் பல்லால் கடித்து இழுத்தாள்.