பன்னிரண்டு மாதமா, பதினொன்றா

ஓஹையோவில் ஒரு சின்ன ஊர். அங்கே நூலகத்தில் பிப்ரவரி சனிக்கிழமைகளில் வருமான வரிப் படிவத்தை இலவசமாக நிரப்பித் தருவார்கள். கணினி முன்னால் உட்காருகிற ஆர்லீன் அம்மாள் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஐந்து வருடமாக வெண்டல் அவளிடம்தான் வருகிறான்.

ரொட்டித் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. ஜனேலும் அவனும் கல்யாணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஜனேலின் மகள் மெய்சி அவன் வீட்டுக்கு வந்தபோது நாலு வயது. ஷூ நாடா கட்டப் பழக்கியதும், காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு ஓடியதும் அவன்தான். ஆனால் படிவத்தில் ‘உறவு’ என்ற இடத்தில் ‘எதுவுமில்லை’ என்றுதான் போட வேண்டும். போகட்டும், அவனை நம்பியிருப்பவள் என்று அவள் பெயர் வருகிறதே, அந்த ஒரு வரிக்காகவே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வருவான், பாவம்.

“சின்ன மேடம் வரலையா?” என்றாள் ஆர்லீன். “போன வருஷம் பூனையையும் சேத்து எழுதுன்னு என்ன பாடு படுத்துனா. அதுவும் சம்பாதிக்கலதானேன்னு சட்டம் பேசுனாளே.”

கிறிஸ்துமஸுக்குக் கென்டக்கியில் ஜனேலின் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்றான். டிசம்பர் பத்தொன்பது அன்று கிளம்பினார்கள். தொழிற்சாலையிலும் பக்கத்து வீட்டிலும் இதையேதான் சொல்லி வைத்திருந்தான்.

ஆர்லீனின் விரல் நின்றது. பெற்ற பிள்ளையென்றால் பாதி வருடம் கூட இருந்தால் போதும், துணையின் பிள்ளையென்றால் பன்னிரண்டு மாதமும் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்க வேண்டும் என்றாள். விடுமுறைக்குப் போயிருந்தால், அந்த நாளும் வீட்டில் இருந்ததாகவே கணக்காம்.

“திரும்பி வர்றதா போயிருந்தா பன்னெண்டு. இல்லேன்னா பதினொண்ணு, பேரை எடுத்துடணும். நீ சொல்றதத்தான்ப்பா நான் எழுதுவேன்.”

வருவாள் என்று ஒரு வார்த்தை போதும். யாரும் கென்டக்கிக்குப் போய்ப் பார்க்கப் போவதில்லை. ஆனால் ஜனேல் கிளம்பும்போதே குளிருடுப்போடு கோடைத் துணியையும் மடித்து வைத்தாள். பக்கத்தில் நின்று பார்த்தவன், ஏன் என்று கேட்கவில்லை. போன ஞாயிறு மெய்சி போனில் பேசினாள். புதுப் பள்ளிக்கூடத்தில் டிரம்பெட் கொடுத்திருக்கிறார்களாம், ஊதினால் பெரியம்மா காரில் போய் உட்கார்ந்துகொள்கிறாளாம். விழுந்து விழுந்து சிரித்தாள். எப்போது வீட்டுக்கு வருவேன் என்று மட்டும் கேட்கவில்லை.

“அங்கயே ஸ்கூல்ல சேந்துட்டா,” என்றான். “பதினொண்ணுன்னே போடுங்க.”

இதை அவன் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. தன் காதாலேயே கேட்டுக்கொண்டான்.

ஆர்லீன் ஒரு விசையைத் தட்டினாள். பெயர் போய்விட்டது. அடுத்த கேள்வியைக் கேட்காமல் கணினி மேலே நகராது. அவன் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டாள்:

“வீட்ல உன்னோட வேற யாராச்சும் இருக்காங்களாப்பா?”

அவன் இஸ்திரி போட்ட சட்டையின் கை மடிப்பை விரலால் நீவிக்கொண்டே இருந்தான். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.