நாலாயிரத்து எண்ணூற்று நாற்பத்தைந்து வழிகள்

மருந்தால் வித்தியாசம் இல்லையென்றால் இத்தனை பேர் என்று போடும் எதிர்பார்ப்பு எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே போன அட்டவணை எதுவும் அந்த மருந்து ஆய்வு அலுவலகத்தில் மேசைமேல் தங்காது. எழும்பிப் போய்க் கூரையில் ஒட்டிக்கொள்ளும். ஊழியர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒட்டடைக் கம்பால் இறக்கி, இரும்புக் குண்டை வைத்து அழுத்தி, பெரிய எண்ணிக்கைகளுக்கே பொருந்தும் வழக்கமான கை-வர்க்க (கை ஸ்கொயர்) சோதனையைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். இருபத்தோரு வருடம் அப்படித்தான் ஓடியது. புள்ளியியல்காரி மட்டும் அதைத் திருட்டுத்தனம் என்பாள், அதையும் வாய்க்குள்ளேயே.

தூக்க மருந்தின் கணக்கு அவளிடம் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. புது மருந்து பத்துப் பேருக்கு, பழையது பத்துப் பேருக்கு. புதியதில் நான்கு பேர் தூங்கினார்கள்; பழையதில் ஒருவரும் இல்லை. மருந்தால் வித்தியாசமே இல்லையென்றால் பக்கத்துக்கு இரண்டு பேர் தூங்கியிருக்க வேண்டும். அந்த இரண்டை எழுதி முடிப்பதற்குள் தாள் கையை விட்டுப் போய்விட்டது. அவள் கணவர் ஆறு வருடமாக ஒரு நிமிடம்கூடத் தூங்கவில்லை. கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து தரையில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. மருந்து தேறினால் முதல் டப்பா அவருக்குத்தான்.

"குண்டை வச்சுப் போடும்மா," என்றார் மேலதிகாரி. "இது தற்செயலா நடக்க நூத்துக்கு ரெண்டரை வாய்ப்புன்னு வரும். நூத்துக்கு அஞ்சுக்குக் கீழன்னா மருந்து பாஸ்தானே."

"இவ்வளவு சின்ன எண்ணுக்கு அந்தச் சோதனையை நம்ப முடியாது சார். எல்லா வழியையும் எண்ணிப் பார்க்குற பிஷர் துல்லியச் சோதனைதான் போடணும்."

"உன் வீட்டுக்காரருக்காகவாவது..." என்று அவர் இழுத்தார். அவளுக்குச் சுருக்கென்றது. தாளை நூலில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

சூத்திரத்தில் போட்டால் அரை நிமிட வேலை. தாள் அதற்கெல்லாம் மசியவில்லை. இருபது பேரில் எந்த நான்கு பேர் தூங்கியிருக்கலாம் என்று ஒவ்வொரு வழியாக வாய்விட்டுச் சொல்லச் சொல்லத்தான் இம்மி இம்மியாக இறங்கியது. மொத்தம் நாலாயிரத்து எண்ணூற்று நாற்பத்தைந்து வழிகள். ஞாயிறு காலை ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து.

"அஞ்சுக்குக் கீழ வருமா?" என்று கணவர் நடந்தபடியே கேட்டார்.

"வராதுங்க. நூத்துக்கு எட்டரைக்கு மேல போகும். இன்னும் நிறைய பேருக்குக் குடுத்துப் பார்க்கணும், ஒரு வருஷம் ஆகும்."

அவர் இன்னும் வேகமாக நடந்தார். அவள் அழுதுகொண்டே எண்ணினாள்.

மூவாயிரத்துச் சொச்சத்தில் காலடிச் சத்தம் நின்றது. பள்ளத்துக்குள்ளேயே சுருண்டு, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவள் குரலை ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை. கடைசி வழியைச் சொன்னதும் தாள் மேசையில் படிந்தது, அவர் விழித்து எழுந்து நடக்கத் தொடங்கினார். அவள் 'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கணவர் தூங்கியதை அறிக்கையில் சேர்க்கவில்லை. ஒரே ஒரு ஆளை வைத்து எந்தச் சோதனையும் போட முடியாது. ஞாயிறுதோறும் முதலிலிருந்து சொல்கிறாள், அவர் படுத்துக்கொள்கிறார். கடைசி நூறு வழிகளை மட்டும் மிக மெதுவாகச் சொல்கிறாள்.