தேன் கட்சி, தேனா கட்சி

மூக்குக்கண்ணாடிக் கடையின் உள்ளறையில் ஒரு பெரியவர் எதிர்ச்சுவரில் இருந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான், வெளியே ரேடியோவில் அந்தப் பாட்டு ஆரம்பித்தது. அவர் படிப்பதை நிறுத்திவிட்டார். பக்கத்து நாற்காலியில் காத்திருந்த அவருடைய மனைவியும் காதைத் தீட்டிக்கொண்டாள். அந்தப் பாட்டு கேட்டால் கடைக்காரிக்கும் கைவேலை ஓடாது. எத்தனை வருடமானாலும் அது மட்டும் மாறுவதாக இல்லை.

"அடுத்த வரி படிங்க ஐயா" என்றாள்.

"ஒரு நிமிஷம்மா. கடைசி வரி வந்துடட்டும்."

கடைசி வரி வந்தது. 'கேட்காமலே போனாய், உன்னை மன்னித்தேன்...' அந்த இடத்தில் குரல் ஒரு நூலிழை நின்றது. பிறகு 'ஆ' என்று நீண்டு, வயலின்களுக்குள் கரைந்து போனது.

"பாத்தியா? மன்னித்தேன். அதுக்கப்புறம் வர்றது சும்மா ராகம்" என்றார் பெரியவர்.

"கண்ணுக்குப் போடறதோட காதுக்கும் ஒண்ணு வாங்கிப் போட்டுக்கோங்க. மன்னித்தேனா-ன்னு கேக்கிறா அவ. அது கேள்வி."

"தேன்தான்!"

"தேனா!"

சிரித்துக்கொண்டுதான் தொடங்கினார்கள். நாலு வார்த்தை போவதற்குள் சிரிப்பு காணாமல் போய்விட்டது. "அப்போ நீங்க செஞ்சதையெல்லாம் நானும் மன்னிச்சிட்டேன்னுதான் இத்தனை நாளா நினைச்சிட்டிருக்கீங்களா?" என்றாள் அந்த அம்மாள். கண்ணாடிச் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போதுகூட இருவரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை.

இது இந்தக் கடையில் மட்டும் நடக்கிற கூத்து அல்ல. அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் இரண்டாகப் பிரிந்து கிடந்தார்கள். மன்னித்துவிட்டாள் என்றவர்கள் தேன் கட்சி. மன்னித்தேனா என்று அவனைப் பார்த்துக் கேட்கிறாள், மன்னிக்கவே இல்லை என்றவர்கள் தேனா கட்சி. கல்யாண விருந்தில் தேன் கட்சிக்காரர்கள் அதைப் போட்டு ஆடினார்கள். கைவிடப்பட்டவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு அதே பாட்டைக் கேட்டு அழுதார்கள். நடுவில் வரும் அந்த நூலிழை இடைவெளியை எவனோ கருவி வைத்து அளந்து, அங்கே மூச்சு எடுக்கப்பட்டதா இல்லையா என்று பக்கம் பக்கமாக எழுதினான். பாடகியிடம் கேட்டால், "எழுதினவங்களைப் போய்க் கேளுங்க" என்று சிரித்து மழுப்புவாள். கேசட் அட்டையில் எழுதியவர் பெயர் இருக்கும் இடத்தில் 'சின்னவள்' என்று மட்டும் இருந்தது. ஏதோ கவிஞரின் புனைபெயர் என்று நினைத்தார்கள். காதலில் தோற்ற ஆண் ஒருவர் என்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு.

உண்மையில் சின்னவள் இந்தக் கண்ணாடிக் கடைக்காரிதான். பாடியவள் அவளுடைய அக்கா. பெரியவள், சின்னவள் என்று அவர்களைக் கூப்பிட்டது அவர்களுடைய அப்பா. பாட்டில் காதலன் என்று ஒருவன் கிடையவே கிடையாது.

மதியம் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் கடைக்கு வந்தாள். பாட்டு வெளிவந்து இருபத்தைந்தாவது வருடம். அன்று சாயங்காலம் பெரிய அரங்கில் அக்காவின் கச்சேரி. அந்தப் பெண் உட்காரக்கூட இல்லை.

"மேடம், கடைசிப் பாட்டுக்குப் பின்னால பெரிய திரையில வரிகள் ஓடும். ஜனங்களும் சேர்ந்து பாடறதுக்கு. எல்லாம் ஏத்தியாச்சு. கடைசி வார்த்தை மட்டும் பாக்கி. 'தேனா'ன்னு போடறதா, 'தேன்'ன்னு போடறதா? உங்க அக்காவைக் கேட்டா, 'என் தங்கச்சியைக் கேளு, அவ சொல்றதைப் போடு'ன்னுட்டாங்க."

"அவளே அப்படிச் சொன்னாளா?"

"ஆமா மேடம். எனக்குத் தலையே வெடிக்குது. ரெண்டு கட்சியும் பனியன் அடிச்சுப் போட்டுக்கிட்டு வர்றாங்க. போன தடவை நாற்காலி பறந்துச்சு. ஒரே ஒரு எழுத்துதானே, சொல்லிடுங்களேன்."

"சாயங்காலம் நேர்ல வந்து சொல்றேன்."

அவள் போனதும், பின்கட்டில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த கணவர் இயந்திரத்தை நிறுத்தினார். "நான் தேன் கட்சி. அது உனக்கே தெரியும்" என்றார்.

"உங்களை யாரும் கேக்கல."

"கேக்காமலே சொல்றதுக்குத்தானே புருஷன்னு ஒருத்தன். ரெண்டுல ஒண்ணைச் சொல்லி இறக்கி வைம்மா. இத்தனை வருஷமா நீதான் சுமக்கிறே."

அவளுக்குச் சுருக்கென்றது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அந்தப் பாட்டு வருவதற்கு முன்பு அக்காவும் தங்கையும் இரட்டையராகப் பாடிக்கொண்டிருந்தார்கள். வெளியூரில் முதல் பெரிய மேடை. அப்பாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். நிகழ்ச்சியன்று மத்தியானம் விடுதி அறைக்குப் போன் வந்தது. சின்னவள் குளித்துக்கொண்டிருந்தாள். எடுத்தவள் பெரியவள். யாரென்று கேட்டதற்கு, "சவுண்ட்காரங்க" என்றாள். இரண்டு பேரும் பாடினார்கள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பூங்கொத்தும் கையுமாக உடை மாற்றும் அறைக்கு வந்த பிறகுதான், அது ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போன் என்று அக்கா சொன்னாள். விழுந்தடித்துப் போனபோது அப்பாவின் கட்டில் காலியாக இருந்தது, விரிப்பைக்கூட மாற்றிவிட்டிருந்தார்கள்.

'லைன் சரியா கேக்கல, சும்மா நிலவரம் சொல்றாங்கன்னு நினைச்சேன்.' உறவுக்காரர்கள் எல்லாருக்கும் அக்கா சொன்னது இதைத்தான். சின்னவள் அதை நம்பவில்லை. நம்பவில்லை என்று வாய் திறந்து சொல்லவும் இல்லை. மேடையை விட்டாள். கண்ணாடித் தொழில் படித்தாள். சில மாதம் கழித்து ஒரு நாள் அக்கா வீட்டுச் சமையலறையில், அக்கா காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது, தானே மெட்டுப் போட்ட பாட்டைப் பாடிக் காட்டினாள். எழுதித் தரவில்லை. 'மன்னித்தேனா' என்று முடித்தாள், கத்தியால் வெட்டினாற்போல. அக்காவின் கை மட்டும் நின்றது. பிறகு, "சுருதியை ஒரு கட்டை இறக்கிக்கலாமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

பாட்டு வெளிவந்தபோது கேள்வி உடைந்திருந்தது. 'மன்னித்தேன்' தனியாக, 'ஆ' தனியாக. நான் கொடுக்காத மன்னிப்பை அவளாகவே எடுத்துக்கொண்டாள் என்று சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதன்பிறகு பார்த்தபோதெல்லாம் உடம்பு எப்படி இருக்கு, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று மட்டுமே பேசிக்கொண்டார்கள்.

அரங்க வாசலில் கூட்டம் இப்போதே நெரிந்தது. மஞ்சள் பனியனில் தேன் கட்சி ஒரு பக்கம், கறுப்புப் பனியனில் தேனா கட்சி மறுபக்கம். நடுவில் கயிறு கட்டிக் காவலர்கள். ஒருவரையொருவர் பார்த்து 'தேன்', 'தேனா' என்று கத்தினார்கள். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு பின்வாசல் வழியே நுழைந்தாள்.

ஒப்பனை அறையில் அக்கா கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். தங்கையைப் பார்த்ததும் எழுந்தாள். பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவள்போல மறுபடியும் உட்கார்ந்தாள்.

"வந்துட்டியா."

"எதுக்கு என்னை இழுத்து விட்டே? இருபத்தஞ்சு வருஷமா உன் இஷ்டத்துக்குத்தானே பாடினே?"

"இஷ்டத்துக்கு இல்ல." அக்கா சீப்பைக் கையில் எடுத்தாள், தலையில் வைக்கவில்லை. "ரெக்கார்டிங்ல அந்த வார்த்தைக்கு வந்ததும் தொண்டை அடைச்சிருச்சு. தேன்... வரைக்கும்தான் வந்தது. மூச்சைப் பிடிச்சு மிச்சத்தை வெளிய தள்ளினேன். இன்னொரு தடவை பாடறேன்னு கெஞ்சினேன். இதுதான் நல்லா இருக்குன்னு வச்சுட்டாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, அப்போ ஏன் தொண்டை அடைச்சுதுன்னு கேப்பியே."

வெளியே யாரோ மணி அடித்தார்கள். "நீ என்ன எழுதினியோ அதைத் திரையில போடச் சொல்லு. அப்படியே பாடறேன்" என்றாள் அக்கா. சின்னவள் மாடிக்குப் போனாள். திரையை இயக்குகிறவரின் காதருகே குனிந்து, "தேனா. பக்கத்துல கேள்விக்குறியும் போடுங்க" என்றாள்.

கச்சேரி முழுக்க அவள் மேடையின் ஓரத் திரைக்குப் பின்னால் நின்றாள். கடைசிப் பாட்டு தொடங்கியதும் ஆயிரம் தொண்டைகள் சேர்ந்துகொண்டன. கடைசி வரியில் ஒவ்வொருவராகப் பாடுவதை நிறுத்தித் திரையை அண்ணாந்து பார்த்தார்கள். 'மன்னித்தேனா?' அக்கா அதை நிறுத்தாமல், உடைக்காமல், நேராகப் பாடினாள். வாத்தியங்கள் அடங்கின.

கறுப்புப் பக்கம் கூரை இடிந்து விழும்போல ஆர்ப்பரித்தது. மஞ்சள் பக்கம் அப்படியே எழுந்து நின்றது. "பாட்டை மாத்தாதே!" "இருபத்தஞ்சு வருஷம் எங்களை ஏமாத்தினியா?" ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்து ஒலிபெருக்கியில் மோதியது. அடுத்தது அக்காவின் காலடியில் விழுந்தது. கயிறு அறுந்தது. நடுவழியில் இரண்டு நிறமும் கலந்து கைகள் ஓங்கின. அக்கா ஓடவில்லை. மைக்கைப் பிடித்தபடி, வாங்கிக்கொள்ள வேண்டியதை வாங்கிக்கொள்கிறவள்போல நின்றாள்.

சின்னவளின் கால்கள் அவளைக் கேட்காமலே மேடைக்குப் போயின. வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

"யாருங்க இது?" என்று முன்வரிசையில் ஒரு குரல்.

"என் தங்கச்சி. பாட்டு இவளோடது" என்றாள் அக்கா.

சத்தம் முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை மெல்ல மெல்ல இறங்கியது. ஓங்கிய கைகள் ஓங்கியபடியே நின்றன. மஞ்சள் பனியன் போட்ட ஒரு பெண் நாற்காலிமேல் ஏறி நின்று, அழுகிற குரலில் கேட்டாள்: "நீங்களே சொல்லுங்க. உங்களை யாரு என்ன பண்ணினாங்க? யாரைக் கேக்கிறீங்க?"

மைக் இப்போது சின்னவளின் கையில் இருந்தது. ஒரு வார்த்தை போதும். அக்காவின் பெயரும் புகழும் அந்த அரங்கிலேயே புதைந்துவிடும். அக்கா அவளைத் தடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். அந்த இமைகள் துடிப்பதைச் சின்னவள் பார்த்தாள். எத்தனையோ ராத்திரி அவள் மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு நாக்கின் நுனிவரை வந்து நின்றது.

"அது எங்க வீட்டு விஷயம்" என்றாள். "எழுதினது கேள்விதான். தேனா கட்சி சொன்னது சரி. ஆனா அந்த வார்த்தையை உடைச்சுப் பாடினப்போ எங்க அக்கா யாரையும் ஏமாத்தல. அவளால அன்னைக்கு அவ்வளவுதான் முடிஞ்சது. 'தேன்'னு நீங்க கேட்டதும் நிஜம்தான்."

"அப்போ பதில்?" என்றாள் அந்தப் பெண்.

"கேள்வியை உங்க எல்லாருக்கும் முன்னால கேட்டுட்டேன். பதிலை அவகிட்ட மட்டும் சொல்லிக்கிறேன்."

எங்கோ ஒருவர் கை தட்டினார். சிலர் சேர்ந்துகொண்டார்கள், பலர் முணுமுணுத்தார்கள். ஆனால் யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஏற்பாட்டாளர் ஓடிவந்து விளக்குகளைப் போடச் சொன்னாள்.

ஒப்பனை அறையின் கதவைச் சாத்தியதும் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏன் சொல்லாம விட்டே?"

"தெரியல."

"அன்னைக்கு நடந்ததை நான் சொல்றேன்." அக்கா சுவரைப் பார்த்துப் பேசினாள். "லைன் நல்லாத்தான் கேட்டுச்சு. 'அப்பா நினைவோட இருக்கார், ரெண்டு பேர் பேரையும் சொல்றார், உடனே வாங்க'ன்னு நர்ஸ் சொன்னாங்க. எனக்கு ஒரு வார்த்தை விடாமப் புரிஞ்சுது. நான் மேடையை எடுத்துக்கிட்டேன். போகணும்னா போயிருக்கலாம். உன்னையும் போகவிடல. வேற காரணம் எதுவும் இல்லடி."

சின்னவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டு பேர் பேரையும் சொல்றார். அது அவளுக்கு வரவேண்டிய வார்த்தை. இத்தனை வருடம் வேறொருத்தியின் நெஞ்சுக்குள் கிடந்திருக்கிறது. ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. அழுகைதான் வந்தது. அக்கா எழுந்து வந்து தொடவில்லை. தொடும் உரிமை தனக்கில்லை என்பதுபோல இருந்த இடத்திலேயே இருந்தாள்.

"பேரைன்னா... எப்படி? பெரியவள், சின்னவள்னா?" என்று கடைசியில் கேட்டாள் தங்கை.

"சின்னவள் எங்கேன்னு முதல்ல கேட்டாராம்."

சின்னவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு அக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "முழுசா இல்லக்கா" என்றாள். "இன்னைக்கு முழுசா மன்னிக்க முடியாது. ஆனா நீ இந்தப் பொய்யையே சொல்லிட்டு இருந்திருந்தா என்னைக்குமே முடிஞ்சிருக்காது."

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் முதல் தேன் கட்சி அடங்கிவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். எழுதியவளுக்கே தன் பாட்டு புரியவில்லை என்று அவர்கள் புதிதாக வாதம் கிளப்பினார்கள். சின்னவளின் கணவரும் அதில் கையெழுத்துப் போடாத குறை. அக்காள் தங்கைக்கு மட்டும் அதைப் படிக்க நேரம் இருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவள் தங்கை வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் உட்கார்ந்து இரண்டு பேரும் அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். நடுநடுவே சண்டையும் வந்தது. ஒரு தடவை சின்னவள் எழுந்து வெளியே போய்விட்டாள். அக்கா காத்திருந்தாள். தங்கை திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் கேட்டாள்.