‘ரன்’ என்ற சொல்லுக்கு நாற்பத்தொரு பொருள்

அருணாதேவி நான்கு நாளாக எழுதிய தாள்கள் ஐந்தும் வெடிக் குழாய்களாக முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தன.

“கட்டிலுக்கடியில கெடந்துச்சே,” என்றாள் அம்மா இருளம்மாள், பசைக் கையோடு. “அங்கன வச்சா குழாய்க்குன்னுதானே சுத்துவேன்?”

உண்மைதான். தாயில்பட்டியில் அந்த வீட்டுக் கட்டிலுக்கடியில் இருக்கும் காகிதமெல்லாம் குழாய் சுற்றுவதற்குத்தான். மடிப்பு விழாமல் இருக்கட்டும் என்று தாள்களை அந்தக் காகிதக் கட்டின்மேல் வைத்தவள் அருணாதேவியேதான். யாரைத் திட்டுவது?

ஆறு மணிக்குச் சிவகாசியில் ஆங்கில வகுப்பு. ‘ரன்’ என்ற ஒரே சொல்லுக்குள்ள பொருள்களை ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். நன்றாகச் சொல்பவர் பெயரை பைரோஜா மிஸ் ஓர் அச்சக அலுவலக வேலைக்கு அனுப்புவார். கிடைத்தால் பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கப் போக வேண்டாம். அருணாதேவி நாற்பத்தொன்று எழுதி, இரண்டு முறை சரிபார்த்து, இரவல் அகராதியை நேற்றுத்தான் திருப்பிக் கொடுத்திருந்தாள்.

ஒரு குழாயைப் பிரித்தாள். பசையில் மை கரைந்து பதினேழு என்ற எண் மட்டும் மிஞ்சியிருந்தது.

“மனசுல இருக்கிறதைச் சொல்லுடி, போதும்,” என்றாள் அம்மா.

வகுப்பில் எழுந்தாள். ஓடுவது. கடை நடத்துவது. தேர்தலில் நிற்பது. மூக்கு ஒழுகுவது. துணியில் சாயம் இறங்குவது. கிரிக்கெட்டில் எடுப்பது. இப்படியே ஒன்பதுவரை வந்துவிட்டது. பத்தாவது நாக்கு நுனியில் நின்றது. சரிதானா? தாளைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்து எழுந்த பொன்மணி இருபது சொன்னாள். மிஸ் அவள் பெயரை அங்கேயே போனில் அனுப்பினார்.

படியிறங்கும்போது பொன்மணி கேட்டாள்: “ஏன் ஒன்பதுலயே உக்காந்துட்டே? கால் வலிச்சுதாக்கும்?”

“சந்தேகமா இருந்துச்சு.”

“எனக்கு மட்டும் இல்லையா? மூணு நானா அடிச்சு விட்டது. தப்புன்னு மிஸ்ஸே சொன்னாகல்ல.”

“தப்புன்னு தெரிஞ்சும் சொன்னியா?”

“சொன்னா அடிக்கவா செய்வாக?”

அருணாதேவிக்குக் காது சுட்டது. விழுங்கியதெல்லாம் இப்போது வரிசையாக வந்து நின்றது. திரும்பி மேலே ஏறினாள். மிஸ் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“மிஸ், இன்னும் இருக்கு.”

“பேரை அனுப்பியாச்சேம்மா.”

“தெரியும் மிஸ்.” கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்தாள். “பத்தாவது, அச்சகத்துல ஒரு தடவைக்கு அடிச்சு எடுக்கிற மொத்தப் பிரதி. பதினொண்ணு சரியான்னு தெரியலை. இருந்தாலும் சொல்லிர்றேன்.”