மற்ற ஈரக்காடு

ஈக்வடார் தலைநகர் கீட்டோவிலிருந்த அலுவலகத்தில் எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கிப் போன பிறகும் யாதிரா கணினியை விட்டு எழுந்திருக்கவில்லை. எந்த வாழிடத்தில் கண்ணாடித் தவளை அதிகம் என்று பார்க்க மூன்றாவது முறை ஓடவிட்ட கணக்கும் முறிந்துபோயிருந்தது. மேய்ச்சல் நிலம், மூங்கில், இளங்காடு, முதுகாடு எல்லாம் ஒழுங்கான எண்களோடு வந்து நின்றன. பாசிப் பள்ளம் என்ற வரியில் மட்டும் பதினெட்டு என்றும், அதன் பிழை அளவு இரண்டாயிரத்துச் சொச்சம் என்றும் விழுந்திருந்தது. காரணம் அவளுக்குத் தெரியும். பார்த்த நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் பாசிப் பள்ளம் நாலுதான். நாலிலும் இலைக்கடியில் கண்ணாடித் தவளையின் முட்டைகள் இருந்தன. ஒன்றிலாவது இல்லாமல் போயிருந்தால் கணக்கு ஏதாவது ஓர் எண்ணில் நின்றிருக்கும். எல்லாவற்றிலும் இருந்ததால், எங்கே நிற்பதென்று தெரியாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த நாலும் ஒஃபேலியா பார்த்துக் குறித்தவை. சான் எலீசியோ என்ற மலைக் கிராமத்தில் மாடு வளர்ப்பவள். காட்டின் ஊடே சாலை போடுவதற்கு முன் நடந்த தவளைக் கணக்கெடுப்பில் கூலிக்குச் சேர்ந்தாள். மூன்று மாதம் யாதிரா தங்கிச் சாப்பிட்டது அவள் வீட்டில்தான். இடுப்பில் கயிறு கட்டிப் பள்ளத்தில் இறங்க யாதிராவின் நிறுவனம் கொடுத்தது இரண்டே நாள். இரண்டாம் நாள் பாறை வழுக்கி முழங்கால் பிசகியது. மேலே கயிறு பிடித்திருந்த யாதிரா அலற, கீழிருந்து பதில் வந்தது: “சும்மா இருடி. மொதல்ல முட்டைய எண்ணிக்கிறேன், அப்புறம் அழலாம்.”

வழி இல்லாமலும் இல்லை. கட்டுமீறி ஓடும் எண்ணை இழுத்துப் பிடிக்க ஒரு திருத்தம் உண்டு. யாதிரா அதைப் போட்டாள். பாசிப் பள்ளம் மூன்றரையில் வந்து நின்றது. பிழை அளவு கொஞ்சம் அகலம்தான். ஆனாலும் வேறெந்த இடத்தையும் விட அங்கேதான் தவளை என்று கூசாமல் எழுதலாம். அச்செடுத்துக்கொண்டு ஆய்வுத் தலைவர் டாக்டர் புர்பானோவின் அறைக்குப் போனாள்.

“நாலு எடத்த வச்சு ரோட்டத் திருப்பச் சொல்றியா?”

“நாலுலயும் இருக்கு டாக்டர்.”

“இது என்ன திருத்தம், யார் சொன்னதுன்னு அமைச்சகத்துல ஆயிரம் கேள்வி கேப்பான். முதுகாட்டோட சேத்து ‘மற்ற ஈரக்காடு’ன்னு போட்டுடு. எல்லாரும் செய்றதுதானம்மா.”

எல்லோரும் செய்வதுதான். அதுதான் அவள் வாயை அடைத்தது. பொய் எழுது என்று சொல்லியிருந்தால் மறுத்திருப்பாளோ என்னவோ. மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டையும் சேர்த்தாள். முப்பத்தொரு இடங்களுக்குள் நாலும் கரைந்தன. ‘வாழிடத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்று தட்டச்சு செய்தாள்.

மூன்று வாரம் கழித்து சான் எலீசியோ பள்ளிக்கூடத்தில் அறிக்கையை வாசித்தார்கள். ஒஃபேலியா இன்னும் சற்றுச் சாய்ந்துதான் நடந்தாள். பட்டியலை மேலிருந்து கீழாக விரலால் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

“பாசிப் பள்ளத்தக் காணோமே?”

புர்பானோ யாதிராவைப் பார்த்தார்.

“மத்ததுல சேத்திருக்கு,” என்றாள் யாதிரா. “நாலுதான் இருந்துச்சு. கம்மி.”

“ரெண்டு நாள்தான எறங்க விட்டீங்க?” கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். “நாலுலயும் இருந்துச்சே?”

“அதனாலதான்…” என்று ஆரம்பித்த யாதிரா கையிலிருந்த அறிக்கையை மூடினாள். நாலிலும் இருந்ததால்தான் கணக்கு நிற்காமல் ஓடியது; அது உண்மை.

ஒஃபேலியா பட்டியலை மடித்தாள்.

“சரிங்க மேடம்,” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

புர்பானோ காரில் இடம் இருக்கிறது என்றார். யாதிரா பேருந்தில் ஏறினாள். மூன்றாவது வளைவில் வண்டி நின்றது. எதிரே ஒரு நீள லாரி, புல்டோசரை ஏற்றிக்கொண்டு மூச்சு வாங்கி ஏறிவந்தது. “பெரிய மனுஷன் வர்றாருப்பா, வழி விடு!” என்று ஓட்டுநர் தனக்குத்தானே கத்திக்கொண்டு பேருந்தைப் பின்னால் எடுத்தார். பயணிகள் தலையை வெளியே நீட்டி, “வரலாம், வரலாம், இன்னும் கொஞ்சம்” என்று கை காட்டினார்கள். யாதிராவின் ஜன்னலை உரசுவதுபோல புல்டோசரின் இரும்பு அலகு மெல்ல நகர்ந்தது. புது மஞ்சள் வண்ணம். அதில் இன்னும் மண் படவில்லை.