கோழிக்கு வாங்கிய அரிசி

1

“எல்லாச் சாமானும் களியக்காவிளையில வாங்குறோம், அரிசி மட்டும் எதுக்கம்மா ஈசாக் மாமாக்க கடையில?”

கேட்டவள் என் மகள் பின்சி. வருடம் 1994, அவளுக்கு ஒன்பது வயது. பத்து வீடு ஏறி, பலசரக்கு எங்கே வாங்குகிறீர்கள், ஏன் அங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டு எழுதி வரச் சொல்லிப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். முதல் வீடாக எங்கள் வீட்டையே எடுத்துக்கொண்டாள்.

கேள்வி நியாயமானது. எங்கள் ஊர் கேரளத்தின் தெற்கு ஓரத்தில், பாறசாலைக்கும் காரோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. பஸ்ஸில் ஏறி உட்காருவதற்குள் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் களியக்காவிளைக்குப் போய்விடலாம். அந்தப் பக்கம் அரிசி விலை குறைவு. இந்தப் பக்கமும் மெயின் ரோட்டில் நாமே எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்ளும் புதுக்கடை வந்திருந்தது. ஈசாக்கின் கடையோ இரண்டையும் விட்டு, வயல் வரப்பில் அரை மைல் உள்ளே.

“அங்க அரிசி கொள்ளாம், நல்லதாக்கும் மக்கா” என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். நான் சொன்னது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. சொல்லாமல் விட்ட மீதியைத்தான் மூன்று வருடம் கழித்து உங்களுக்கு எழுதுகிறேன்.

பெருமைக்காகவே எழுதுகிறேன் என்பதையும் இப்போதே ஒப்புக்கொள்கிறேன். பெருமை பாவம் என்று ஓய்வுநாள் பள்ளியில் எத்தனையோ வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறவள் நான். ஆனால் இது என்னைப் பற்றிய பெருமை அல்ல, எங்கள் சபையின் இருபத்தாறு அடுப்பங்கரைகளைப் பற்றியது. அந்த அளவுக்கு ஆண்டவர் பொறுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: “கிருபாபாய் ஏழை.” இரண்டே வார்த்தை. எழுதிய கையோடு அடித்துவிட்டேன். அந்த வார்த்தையை அவள் யார் வாயிலும் வர விட்டதில்லை. என் பேனாவில் வர விட்டால் நான் அவளுக்கு என்ன சிநேகிதி?

அடுத்த தொடக்கம்: “கணவன் இறந்த பிறகு தையல் மெஷினை மிதித்தே இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்த கிருபாபாய், சபையின் ஏழைகள் நிதியிலிருந்து கொண்டுபோன உறையைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தபோது—”

இதையும் பாதியில் விட்டேன். உண்மைதான், ஆனால் வாசிக்கிறவர்கள் இப்போதே அவளுக்காக இரக்கப்படத் தொடங்கிவிடுவார்கள். அவளுக்கு வேண்டாத ஒன்றை நீங்களும் சேர்ந்து கொடுக்க வேண்டாம்.

ஆகவே அரிசியிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் சபையில் பிடியரிசி என்று ஒன்று உண்டு. சோற்றுக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம், கழுவும் முன், ஒரு பிடி அள்ளித் தனியாக வைக்க வேண்டும். அது ஆண்டவருக்கு. ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய்க் கோயில் வராந்தாவில் இருக்கும் அண்டாவில் கொட்டுவோம். ஆராதனை முடிந்ததும் தேங்காய், வாழைக்குலை, முட்டை என்று காணிக்கையாக வந்ததையெல்லாம் உபதேசியார் ஏலம் விடுவார். முட்டைக்குக் கடையில் இல்லாத விலை விழும். விலை அதிகமானாலும் நாங்கள் சந்தோஷமாக வாங்கும் சந்தை அது ஒன்றுதான்.

பிடியரிசியை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு வீட்டில் ரேஷன் அரிசி, ஒரு வீட்டில் சிவந்து உருண்ட சம்பா, ஒரு வீட்டில் மெல்லிய பொன்னி, எல்லாம் கலந்து கிடக்கும். ஒன்று வேகும் நேரத்தில் இன்னொன்று குழைந்துவிடும். அதனால் அதற்குக் கோழித்தீவன விலை.

அதைக் கிருபாபாய் வாரம் தவறாமல் எடுப்பாள். “கோழிக்காக்கும்” என்று சொல்லியே எடுப்பாள். அவளிடம் ஆறு கோழிகள் இருந்தன.

[இங்கே ஒரு பாவ அறிக்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பக்கத்தில் நின்றவளிடம், “கிருபாபாய்க்க கோழியளு நம்மளக் காட்டிலும் நல்லா தின்னும் போலிருக்கே” என்று சொல்லிச் சிரித்தேன். அவள் காதில் விழுந்ததா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.]

3

1993 ஓணத்துக்கு முந்தின வாரம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். மத்தியான நேரம். அவள் கிணற்றடியில் நின்றாள். உள்ளே இரண்டு பிள்ளைகளும் தட்டுக்கு முன் உட்கார்ந்திருந்தார்கள்.

சின்னவள் வேகாத சிவப்பு அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். மீதியெல்லாம் களி போல ஒட்டிக் கிடந்தது. அந்தக் களிக்குள் நீளமாய், மெல்லிசாய்க் குழைந்து கிடந்த பொன்னியை நான் அடையாளம் கண்டேன்.

அது என்னுடையது. எங்கள் சபையில் பொன்னி வாங்கும் வீடு எங்களுடையது ஒன்றுதான். வீட்டுச் சோற்றுக்கு வேறு அரிசி. ஆண்டவருக்கு உள்ளதில் நல்லதைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்து, பிடியரிசிக்கென்றே தனியாகக் களியக்காவிளையிலிருந்து பொன்னி வாங்கி வந்துகொண்டிருந்தேன். அதை நினைத்து உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமும் இருந்தது. நான் கொடுத்த நல்லதுதான் அந்தப் பானையைக் கெடுத்தது.

பெரியவள் என்னைப் பார்த்ததும் தட்டைக் கையால் மறைத்தாள். நான் துணியைத் திண்டில் வைத்துவிட்டு, “அம்மைக்கிட்ட பொறவு வாறேன்னு சொல்லு” என்று திரும்பிவிட்டேன்.

சொன்னால் என்ன ஆகும் என்று வழியெல்லாம் யோசித்தேன். எங்களுக்குத் தெரியும் என்று கிருபாபாய்க்குத் தெரிந்துவிட்டால், அடுத்த ஞாயிறு அவள் ஏலத்தில் வாய் திறக்க மாட்டாள். அந்தப் பிள்ளைகளுக்கு இந்தச் சோறும் இல்லாமல் போகும்.

4

நான் போய் நின்றது தங்கபாயிடம். ஈசாக்கின் மனைவி, எங்கள் பெண்கள் சங்கத்தின் செயலாளர். பயறு உடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள். பிறகு, “எல்லாரும் ஒரே அரிசி போட்டா தீர்ந்துது” என்றாள்.

இந்த இடத்தில் எழுத்தாளருக்கு ஒரு சந்தேகம் வந்தே தீரும். யோசனை சொன்னவள் கடைக்காரனின் மனைவி. வாசகர் நம்புவாரா? நானே ஒரு நிமிடம் நம்பவில்லை. அவளுக்கும் அது புரிந்திருக்க வேண்டும்.

“எனக்க கடை வேண்டாம் டீச்சரே. வேற ஏதாம் கடை சொல்லுங்க. ஆளுவ வேற நினைக்கும்.”

ஆனால் வேறு கடை இல்லை. புதுக்கடையில் வாரத்துக்கு ஒரு சாக்கு, வாரத்துக்கு ஒரு ரகம். வருடம் முழுக்க ஒரே மில்லிலிருந்து ஒரே சம்பாவை எடுத்தவர் ஈசாக் மட்டும்தான், அதுவும் வேறு மில் தேடிப் போகச் சோம்பல்பட்டு. தங்கபாய் கடைசியில் தலையாட்டினாள். ஈசாக்கைக் குறித்து ஒரு நிபந்தனை மட்டும் வைத்தாள்.

“அவியளுக்குத் தெரியாண்டாம். தெரிஞ்சா ஊரு முழுக்க ஜெபம் பண்ணிச் சொல்லிருவாவ.”

அப்படியே நடந்தது. கூட்டம் போடவில்லை, தீர்மானம் எழுதவில்லை. ஒருத்தி இன்னொருத்தியிடம் குடிநீர்க் குழாயடியில் சொன்னாள். ரேஷன் அரிசி மட்டும் வாங்க முடிந்த நாலு வீட்டுக்காரர்கள், பக்கத்து வீட்டில் ஒரு பிடி ரேஷன் கொடுத்து ஒரு பிடி சம்பா வாங்கிக்கொண்டார்கள். அப்படி மாற்றிக்கொடுத்தவர்களில் எங்கள் சபையைச் சேராத ஷியாமளாவும் உண்டு. “எந்தக் கோயிலானா என்ன டீச்சரே, பிள்ளைக்க வயிறுல்லா” என்று என்னிடம் சொன்னாள்.

நாலாவது ஞாயிற்றில் அண்டாவுக்குள் பார்த்தேன். எல்லாம் ஒரே சிவப்பு.

[முதல் பிரதியில் ஈசாக்கை ஒரு புனிதராக எழுதியிருந்தேன். பொய். திடீரென்று ஆட்கள் வரப்பில் வரிசையாக வருவதைப் பார்த்து, தான் புதிதாக வாங்கி மாட்டிய தராசுதான் காரணம் என்று அவர் உறுதியாக நம்பினார். “தராசு நேரா நின்னா ஆளு தேடி வரும், கேட்டியா” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். தங்கபாய் பக்கத்தில் நின்று, “பின்னே” என்பாள்.]

5

இப்போது பின்சியின் நோட்டுப் புத்தகத்துக்கு வருகிறேன்.

இரண்டாவது வீடு சுகிர்தபாய்: ஈசாக்கின் எடை சரியாக இருக்கும். மூன்றாவது விஜயதாஸ்: காலண்டர் இனாம். ஷியாமளா: சர்க்கரை வியாதிக்கு நடப்பது நல்லது. இன்னொரு வீட்டில், அந்த வழியில் நாய் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். ஒன்பது வீடு, ஒன்பது காரணம். நான் அதைப் பெருமையோடு வாசித்தேன். ஒருவர்கூட கிருபாபாயின் பெயரைச் சொல்லவில்லை.

பின்சிக்குத் திருப்தி இல்லை. “எல்லாரும் பொய் சொல்லுதாவம்மா. ஷியாமளா மாமி எங்க போனாலும் ஆட்டோல இல்லா போவாவ.”

நான் துணி மடித்து வைத்துவிட்டுத் திரும்பும்போது அவள் இல்லை. பத்தாவது வீடு. ஒரு நொடியில் எனக்குப் புரிந்தது. செருப்பு போடாமல் ஓடினேன்.

நான் கிருபாபாயின் வேலியருகே வந்தபோது தையல் மெஷின் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

“மாமி அரிசி எங்க வாங்குவிய?”

“கோயில்ல, எழுது.”

“அது கோழிக்கில்லா. சோத்துக்கு?”

நான் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வருடமாக இருபத்தாறு வீடு காத்து வைத்ததை என் மகளே உடைக்கிறாள்.

“சோத்துக்கும் அங்கதான்” என்றாள் கிருபாபாய்.

“எதுக்கு அங்க?”

“ஒரே வேக்காடாக்கும் மக்கா. இருபத்தாறு வீட்டு அரிசி, ஒரு வீட்டு அரிசி மாதிரி வேகும். இப்பிடி ஒரு அரிசி உனக்குக் களியக்காவிளையில கிட்டுமா? திருவனந்தபுரத்துல கிட்டுமா?”

“கிட்டாதா?”

“கிட்டாது. பேரு எழுதினியா? கிருபாபாய். முழுசா எழுது.”

பின்சி குனிந்து எழுதினாள். கிருபாபாய் தலை நிமிர்ந்தபோது வேலிக்கு அப்பால் நின்ற என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் கண்களில் கோபம் தேடினேன். இல்லை.

“டீச்சர் போன வாரம் தந்த ஜாக்கெட்டு தச்சாச்சு. செருப்பு போட்டு வந்தா கொண்டு போலாம்” என்றாள்.

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

அடுத்த ஞாயிறு ஏலத்தில் அவள் வழக்கம்போலக் கை தூக்கினாள். “கோழிக்காக்கும்.” உபதேசியார் வழக்கம்போல விலை சொன்னார். அவளுக்கு எல்லாம் தெரியும் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் பெண்கள் தங்கள் ரகசியத்தை வைத்துக்கொள்ளட்டும் என்று அவளே விட்டுவைத்திருக்கும்போது, நான் யார் பறிப்பதற்கு?

அவள் பெயரை இங்கே முழுசாக எழுதியதற்கு எனக்கு இருக்கும் அனுமதி, அன்று பின்சியிடம் அவள் சொன்ன “முழுசா எழுது” ஒன்றுதான்.

6

இந்தக் கதைக்கு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அறுப்பின் பண்டிகையன்று கிருபாபாய் சபைக்கு நடுவில் எழுந்து, கண்ணீரோடு நன்றி சொல்கிறாள். எல்லாரும் அழுகிறார்கள். (அடித்துவிட்டேன். அவள் இதை வாசித்தால் ஜாக்கெட்டை வேண்டுமென்றே இறுக்கித் தைப்பாள்.)

போதகர் விஷயத்தைக் கேள்விப்பட்டு அதையே பிரசங்கமாக—

(வேண்டாம். நல்ல பிரசங்கம்தான். ஆனால் அதற்குப் பிறகு யாராலும் ஒரு பிடி அரிசியைச் சும்மா எடுத்து வைக்க முடியாது.)

பெரிய மகள் நர்ஸாகி வெளிநாடு போகிறாள், மாடி வீடு எழும்புகிறது. (கடைசியாக எழுதியது. இதில் பாதிதான் உண்மை. அவள் நெய்யாற்றின்கரையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். வீடு அதே வீடு.)

நடந்தது என்னவென்றால், 1996 கடைசியில் கிருபாபாய் ஏலத்தில் கை தூக்குவதை நிறுத்தினாள். கோழிகளை விற்றுவிட்டதாகச் சொன்னாள். இரண்டு ஞாயிறு அரிசிக்கு ஆள் இல்லை. மூன்றாவது ஞாயிறு வேறொருத்தி எடுத்தாள். “வாத்துக்கு” என்றாள். அவள் பெயரை நான் எழுத மாட்டேன். எங்களில் யாரும் வாத்தை எண்ணப் போகவில்லை.

7

இனி நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். பார்க்காததை எழுத எனக்கு உரிமை இல்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மூன்று மணி இருக்கும். பீடத்துக்குப் பூ வைக்கக் கோயிலுக்குப் போனேன். கோயிலைச் சுற்றிய வளவில் ஒரு மனிதரும் இல்லை. வராந்தாவில் அண்டாவின் மூடி சற்று விலகியிருந்தது. ஞாயிறு காலைதான் அரிசி வரும். சனிக்கிழமை அது காலியாகத்தான் இருக்க வேண்டும்.

உள்ளே பாதிக்கு மேல் அரிசி. சம்பா, அதே ரகம்.

யார் கொண்டு வந்தது, எத்தனை நடையில் சுமந்தது, எனக்குத் தெரியாது. ஈசாக்கிடம் கேட்டால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. இந்த இடத்தில் ஒரு பெயரை எழுதத்தான் உங்கள் கை நீளும். நீளட்டும். அதை உங்களிடமே விடுகிறேன். ஆனால் எழுதும் முன் நான் செய்ததை நீங்களும் ஒரு தடவை செய்து பாருங்கள்.

நான் கையை முழங்கை வரை அந்த அரிசிக்குள் விட்டு, ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் விரித்தேன். ஈசாக்கின் சம்பாவில் எப்போதும் கல் உண்டு, நெல் உண்டு, உமி உண்டு. எங்களில் எவரும் பிடியரிசிக்குக் கல் பார்த்ததில்லை. ஏலத்தில் எடுக்கிறவர் பார்த்துக்கொள்வார் என்று அப்படியே கொட்டிவிடுவோம்.

இன்னொரு பிடி அள்ளினேன். அடியிலிருந்தும் ஒன்று.

ஒரு கல் இல்லை. ஒரு நெல் இல்லை. அத்தனையையும் முறத்தில் இட்டு, புடைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தது, மறுநாள் அது ஒரு பிள்ளையின் தட்டில் விழப்போகிறது என்று தெரிந்த ஒரு கை.