ஐம்பது விநாடிப் பாட்டு

வலது கை சட்டைக்குள் போகவில்லை. முழங்கைக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. அவன் நுழைக்க நுழைக்க, மனைவியின் கை வேறு பக்கம் மடிந்தது. எதிரே மாமியார், மகளின் வாயோரம் உறைந்த ரத்தத்தை ஈரப்பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தாள். முன்பற்கள் நான்கு இல்லை.

"சட்டுபுட்டுனு முடிங்க. இன்னும் நாலு பேரு வெளிய கெடக்காங்க," என்றார் சவக்கிடங்கு ஊழியர்.

மாமியார் நிமிரவில்லை. "நேத்து நீங்க பக்கத்துலதான் நின்னீங்களாமே, மாப்பிள்ளை?"

"ஆமா, அத்தை."

"மூச்சு முட்டி ஊதுறத நிறுத்திட்டாள்னு சொல்றாங்க. இவளுக்கா மூச்சு முட்டும்?"

கல்யாணத்தின்போது, "ஊதுறவளக் கட்டிக்கிறீங்க, அடுப்பு ஊத வேற ஆளப் பாத்துக்குங்க" என்று சிரித்தவள் இந்த மாமியார்தான்.

அவன் சட்டைத் தையலைப் பார்த்தான்.

நேற்று சதுக்கத்தில் ஆலைத் தொழிலாளர்களைக் காவலர்கள் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தபோது, அவன் மனைவி படிக்கட்டில் ஏறி, ஊதுமுன் எப்போதும் செய்வதுபோலக் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டு, கிளாரினெட்டை வாயில் வைத்தாள். தேசிய கீதம். அது ஒலித்து முடியும்வரை சீருடை போட்டவன் அசையக் கூடாது என்பது சட்டம். ஐம்பது விநாடிப் பாட்டு. அவள் அதை முடிய விடவில்லை. வெற்றி முழக்கத்தை ஒப்பாரியாக இழுத்தாள். 'வாழ்க' என்று வரும் இடத்தை உடைத்து உடைத்து விக்கலாக ஊதினாள். ஒருவன் ஓங்கிய தடி ஓங்கியபடியே நின்றது. அதன் அடியில் கிடந்த கிழவர் தவழ்ந்து வெளியேறினார். மண்டை பிளந்தவர்களைத் தோளில் போட்டுக்கொண்டு மற்றவர்கள் ஓடினார்கள். பதினோரு நிமிடம்.

அவள் உதடு வெடித்தது. ரத்தம் கருவியில் இறங்கி விரல்களை நனைத்தது. கச்சேரிகளில் அவன் ஓரமாக நின்று தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக் காட்டினால் இடைவேளை என்று அர்த்தம். ஆறு வருடப் பழக்கம். நேற்றும் கை தானாக உயர்ந்தது. அவள் கண்ணும் தானாகப் பார்த்தது. கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்தாள்.

பாட்டு நின்றது. ஓங்கியிருந்த தடிகளெல்லாம் படிக்கட்டுப் பக்கம் திரும்பின. முதல் அடியைக் கையால் தடுத்தாள். இரண்டாவது வாயில் விழுந்தது. அதற்குமேல் அவன் பார்க்கவில்லை. முகம் தரையில் இருந்தது. பிடரியில் ஒரு பூட்ஸ் கால்.

"அவளா நிறுத்தல, அத்தை. நான் போத்தலத் தூக்கிக் காட்டினேன்."

பஞ்சு அசையாமல் நின்றது.

"எதுக்கு?"

"உதட்டுல ரத்தம் வந்துச்சு."

அவள் அறைந்தாள். மறுபடி அறைந்தாள். மூன்றாவது அறையில் அவனுக்குக் காது அடைத்தது. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து அவன் தலையைச் சுவரில் மோதினாள். ஊழியர் ஓடி வந்து, "யம்மா, இங்க வேணாம்மா," என்று அவள் கையைப் பிடித்தார். அவள் உதறினாள்.

"வந்தா வரட்டும்னு விட்டிருக்கலாமில்ல? கொஞ்ச நேரம் பொறுக்க முடியலையா உன்னால?"

"முடியல, அத்தை."

அவள் காலரை விட்டாள். பிறகு மாமியார், மேசைமேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்துச் சட்டைக் கையை மணிக்கட்டிலிருந்து தோள்வரை வெட்டினாள்.

"தூக்கு," என்றாள். "ஒடஞ்ச எடத்துல புடிக்காத."

அவன் இரண்டு கைகளாலும் ஏந்தினான். அவள் துணியைச் சுற்றிவிட்டு, கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டு வந்தாள். கழுத்துப் பொத்தானை மட்டும் போடாமல் விட்டாள்.